பின்சீட்டை அறுத்தோம்

என் அண்ணனை இனிமேல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக மாட்டேன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் வண்டியின் பின்பாதியை அறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். வீட்டில் சொல்ல முடியாததை முக்கால்வாசிப் பேர் எதையாவது போட்டு உடைத்துத்தான் சொல்கிறார்கள். நான் கொஞ்சம் மரியாதையாக, ஸ்பேனர் வைத்துக் கழற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அண்ணனுக்குப் பேருந்துக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. தகட்டில் கோடு போடுவான். எங்கே வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும், எங்கே ஓட்டை என்று ஊசியால் கீறிக் கொடுப்பான். அவன் கை அவ்வளவு நேர். பட்டறையில் அவனுக்கு 'ஸ்கேல்' என்று பெயர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அடுக்கி வைத்திருந்த தகடுகள் சரிந்து அவன் வலது முழங்காலில் விழுந்தன. டாக்டர்கள் காலைக் காப்பாற்றிவிட்டார்கள், மடக்குவதைத்தான் காப்பாற்ற முடியவில்லை. இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் இப்போது அது ஒரே கோடு. அந்தப் பட்டப்பெயர் வைத்தவனுக்குக் கரிநாக்கு.

உட்கார்ந்தபடி கோடு போடலாம் என்பதால் முதலாளி அவனை வைத்துக்கொண்டார். எட்டு மணிக்குப் பட்டறையில் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. கோடு வந்தால்தான் மற்ற இருபது பேருக்கும் வேலை. காலை நேரப் பேருந்தில் அந்தக் காலைத் தூக்கி அவனால் படியேற முடியாது. தினமும் வாடகை வண்டியில் போய் வந்தால் சம்பளத்தில் மிச்சம் எதுவும் இருக்காது. நான் வேலை செய்கிற கிடங்கு, பட்டறையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர். போகிற வழிதானே என்று ஆரம்பித்தோம். ஆறு வருஷம் போகிற வழியிலேயே போய்விட்டது.

அவனை ஏற்றிக்கொண்டு போவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. வலது கால் மடங்காது, ஆகவே அதைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டுதான் உட்காருவான். மற்றவர்கள் புகுந்து போகிற சந்தில் நான் புகுந்தால் அந்தக் கால் யார் கார் கதவையாவது உரசும். திட்டு எனக்கு விழும். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரன் காலைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். இதற்கு மேல் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து ஓயாத பேச்சு. "லாரி வருது பாரு." "பிரேக்க இப்பவே புடி." "அவன் திரும்புவான், விடு." பதினாறு வருஷமாக வண்டி ஓட்டுகிறவனுக்கு, ஒரு நாள்கூட ஓட்டாதவன் ஓட்டக் கற்றுக்கொடுத்தான்.

கிடங்கில் என் வண்டிக்கு 'ஆம்புலன்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் உள்ளே நுழையும்போது வாசல் காவலாளி சைரன் மாதிரி ஊளையிடுவான். முதல் இரண்டு வருஷம் நானும் சிரித்தேன். கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணும் ஒரு நாள் சிரித்தாள். அன்றையிலிருந்து நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் காலால்தான் தள்ளிப்போகிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். அது பொய். பார்த்த பெண்களில் ஒருத்திக்கும் என்னைப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சில்லறைத்தனமான வேலைகள் செய்யத் தொடங்கினேன். காலையில் வேண்டுமென்றே பத்து நிமிஷம் தாமதமாகக் குளிக்கப் போவேன். வழியில் டயருக்குக் காற்றடிக்க நிறுத்துவேன். ஒரே மாதத்தில் அண்ணன் நான்கு நாள் எட்டேகாலுக்குப் போய் நின்றான். முதலாளி இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். புதிதாகப் பன்னிரண்டு பேருந்துகளுக்கு ஆர்டர் வந்திருக்கிறது, திங்கட்கிழமை ஆரம்பம், அன்றைக்கு எட்டு மணிக்கு ஆள் இல்லையென்றால் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவேன் என்று போனிலேயே சொன்னார். அண்ணி எனக்குக் கேட்க வேண்டுமென்றே அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னாள். இதெல்லாம் தெரிந்துதான் அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

பின் மட்கார்டைக் குட்டையாக வெட்டி, நீண்ட சீட்டை எடுத்துவிட்டு, ஒரு ஆள் மட்டும் உட்காருகிற சீட்டு போட்டுக்கொள்வது இப்போது எல்லா இளவட்டங்களும் செய்கிற வேலை. வீட்டிலேயே செய்வது எப்படி என்று போனில் நூறு வீடியோ கிடக்கிறது. ஒற்றைச் சீட்டை முன்பே வாங்கிச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். அண்ணனுடைய பழைய கிரைண்டர் பரணில் இருந்தது. அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் வாசல் கதவுக்கும் முன்னறைக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு நடை. மின்சார மீட்டர், தண்ணீர் டிரம், செருப்புகள், என் வண்டி எல்லாம் அங்கேதான். வண்டியை அங்கேயே நிறுத்தி, முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன். சீட்டைத் தூக்கினேன். டெயில் லைட் வயருக்கும் இண்டிகேட்டர் வயருக்கும் டேப் ஒட்டி எண் எழுதினேன். பின்சக்கரம் இருக்கும்வரை மட்கார்டை உருவ முடியாது, அதனால் என்ஜினுக்கு அடியில் செங்கல் அடுக்கிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். இரண்டு ஷாக் அப்சார்பரையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்தேன். மட்கார்டை உருவித் தரையில் போட்டபோது அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"என்னடா, காலங்காத்தால வண்டிய உரிச்சுப் போட்டிருக்க?"

"மட்கார்டு துரு புடிச்சிருச்சுண்ணே. குட்டையா வெட்டிரலாம்னு பாக்குறேன். சீட்டும் மாத்தப் போறேன்."

"சீட்டு வாங்கியாச்சா?"

"ஆச்சு. பாத்தா உனக்கே புடிக்கும்."

"எனக்கு வலப்பக்கம் பஞ்சு கொஞ்சம் தடிமனா இருந்தா நல்லாருக்கும்டா. தொடை மரத்துப்போகுது."

"அதெல்லாம் சொல்லியாச்சு" என்றேன். கண் இமைக்கவில்லை. இவ்வளவு சுலபமாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

கிரைண்டரை மட்கார்டின் மேல் கொண்டுபோனதும் அவன் கத்தினான். "டேய், டேய்! கோடு போடாம வெட்டாதடா. என்ன, தர்ப்பூசணியா அது?" அண்ணியைக் கூப்பிட்டு ஒரு முக்காலி கொண்டுவரச் சொன்னான். வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலை வண்டியின் அடியில் நீட்டிக்கொண்டான். என் கையிலிருந்த மட்கார்டைப் பிடுங்கித் தொடையில் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான், வேலை அவனுடையதாகிவிட்டது.

அவர்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. கோடு போடுகிறவன் வெட்டக் கூடாது. வெட்டுகிறவன் கோடு போடக் கூடாது. தகடு பாழானால் யார் தப்பு என்று அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக எவனோ பழைய முதலாளி வைத்த ஏற்பாடு. வெட்டுகிறவன் கோட்டின் மேல் பிளேடை வைத்து "வெட்டவா?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். கோடு போட்டவன் மூன்று தடவையும் "வெட்டு" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் வெட்டுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது. கோடு கோணல் என்று தெரிந்தாலும் அதன் மேலேயேதான் வெட்ட வேண்டும். கோடு தப்பானால் போட்டவன் பாடு. அண்ணன் இந்தச் சட்டத்தை வீட்டிலும் விடமாட்டான். அண்ணி காய் நறுக்கும்போதுகூடப் பக்கத்தில் உட்கார்ந்து கேலிக்கு மூன்று தடவை "வெட்டு" சொல்லுவான்.

ஒரு பழைய செய்தித்தாளை மடித்து மட்கார்டின் வளைவுக்கு அச்சு எடுத்தான். நடுக்கோடு பிடித்தான். ஊசியால் ஒரே இழுப்பில் வளைவாகக் கோடு கீறினான். நான் கிரைண்டரை வைத்தேன்.

"வெட்டவா?"

"வெட்டு."

"வெட்டவா?"

"வெட்டுடா."

"வெட்டவா?"

"வெட்டித் தொலை" என்று சிரித்தான்.

வெட்டினேன். அவன் அரத்தால் விளிம்பை ராவினான். விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ராவினான். போல்டைத் திருப்பி வைக்கச் சொன்னான். தலை உள்பக்கம் இருக்க வேண்டுமாம், மரை வெளியே நீட்டினால் பரவாயில்லை, உள்ளே நீட்டினால் டயரைக் கிழித்துவிடுமாம். வீடியோவில் எவனும் அதைச் சொல்லவில்லை. பதினொரு மணிக்குள் மட்கார்டு அளவாகக் குட்டையாகி, கடையில் வாங்கினதைவிட அழகாக இருந்தது. அவன் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதும் அதே முணுமுணுப்புதான்.

அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் இனிக்கவும் செய்தது, மறைப்பானேன். தன்னை இறக்கிவிடுவதற்கான வேலையைத் தானே அளந்து, ராவி, ஊதிச் சுத்தம் செய்து கொடுக்கிறான். இவ்வளவு நாள் என் தோளைப் பிடித்து ஓட்டக் கற்றுக்கொடுத்தாயே, இப்போது பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு மனிதனை ஏமாற்றிக்கொண்டிருக்கும்போது அவன் டீ குடிக்கிறாயா என்று கேட்டால் சங்கடமாக இருக்கும் என்பார்கள். அவன் கேட்டான். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, குடித்தேன்.

"அவ்வளவுதானே? மாட்டிரலாமா?" என்றான்.

"இன்னும் இருக்கு. இந்தக் குழாயையும் வெட்டணும்."

வண்டியின் முதுகெலும்பு மாதிரி டேங்குக்கு அடியிலிருந்து பின்னால் இரண்டு குழாய்கள் வந்து, வால்முனையில் வளைந்து ஒன்றாகச் சேருகின்றன. சீட்டு அவற்றின் மேல்தான் உட்காரும். பின்னால் உட்காருகிற ஆளின் கனம் முழுவதும் அவற்றின் வால்பகுதியில். அதைக் காட்டினேன்.

அண்ணன் சிரித்தான். "இத எதுக்குடா வெட்டணும்? இத வெட்டினா பின்னாடி ஆள் உக்கார முடியாது."

நான் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த சாக்கை இழுத்தேன். ஒற்றைச் சீட்டைக் கொண்டுவந்து டேங்குக்குப் பின்னால் வைத்துக் காட்டினேன். கறுப்பாக, வாலில் ஒரு திமில் வைத்து, நல்ல அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு குழாயும் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன.

அண்ணி டீ டம்ளர்களை எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள். "நல்லாருக்கு தம்பி" என்றாள். பிறகு, "இதுல உங்க அண்ணன் எங்க உக்காருவாரு?" என்று கேட்டாள். அவள் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். டம்ளர்களை எடுக்காமலே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

அண்ணன் கையிலிருந்த அரத்தைத் துணியில் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் நிதானமாகத் துடைத்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் பதிலுக்குக் கத்த ஆறு வருஷத்துச் சரக்கு என்னிடம் தயாராக இருந்தது. அவன் அரத்தைக் கீழே வைத்துவிட்டு ஊசியை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இந்தக் கோட்ட நீ போடு. நான் வெட்டுறேன்."

"நீயே போடுண்ணே. உனக்குத்தான் கை நேரா வரும்."

"இல்ல. இது எங்க முடியணும்னு எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும். போடு."

வீடியோவில் வால்முனையிலிருந்து ஆறு அங்குலம் என்று சொன்னார்கள். டேப்பை வைத்து ஆறு அங்குலத்தில் இடது குழாயில் ஒரு கீறல் போட்டேன். கோடு கோணலாக வந்தது. இருபத்தைந்து வருஷமாகக் கோடு போடுகிறவன் முன்னால் கோடு போடுவது, வாத்தியார் மேசையில் உட்கார்ந்து பரீட்சை எழுதுகிற மாதிரி. அவன் கோட்டைப் பார்த்தான்.

"போதுமா?" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் விட்டிருப்பேன். கடைக்காரன் எடை போட்டுவிட்டுக் கேட்கிற மாதிரி கேட்டான். நான் ஏதோ அவனிடம் பிச்சை கேட்டு நிற்பது மாதிரியும் அவன் அள்ளிப் போடுவது மாதிரியும் இருந்தது.

"போதாது" என்றேன். பழைய கீறலை விட்டுவிட்டு, இன்னும் நான்கு அங்குலம் முன்னால் தள்ளி, அழுத்தி, புதுக் கோடு போட்டேன். வலது குழாயிலும் போட்டேன். ஒரு குழந்தைகூடத் தொற்றி உட்கார முடியாதபடி போட்டேன். நான் நின்றுகொண்டு மேலிருந்து போட்டேன். அவன் முக்காலியில், குழாய்க்குக் கீழே, அண்ணாந்து பார்த்தபடி இருந்தான்.

அந்தக் குழாய்களின் அடிப்பக்கம், காது மாதிரி குழாய்க்கு ஒன்றாகச் சின்னத் தகடு ஒட்டியிருக்கும். ஷாக் அப்சார்பரின் மேல்முனை அந்தக் காதில்தான் மாட்டும். அது இல்லையென்றால் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை, வண்டியே இல்லை. என் முதல் கீறல் அந்தக் காதுக்குப் பின்னால் இருந்தது. இரண்டாவது கோடு அதற்கு முன்னால் விழுந்தது. அன்று காலையில் நானே ஸ்பேனர் போட்டு அந்தக் காதிலிருந்துதான் ஷாக் அப்சார்பரைக் கழற்றினேன். கோபத்தில் மறந்தேன். மேலே நின்றவனுக்கு அது தெரியவில்லை. கீழே உட்கார்ந்திருந்தவனுக்கு அது மூக்குக்கு நேராக இருந்தது.

அவன் கிரைண்டரை எடுத்தான். வயர்களின் மேலும் டேங்கின் மேலும் நனைத்த சாக்கைப் போர்த்தினான். அவசரமே இல்லை. துண்டு கீழே விழாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னான். இரண்டு கையாலும் குழாய்களின் வால்முனையைப் பிடித்துக்கொண்டேன். பிளேடை என் கோட்டின் மேல் வைத்தான்.

"வெட்டவா?"

"வெட்டு."

என் கண்ணைப் பார்த்தான். "வெட்டவா?"

"வெட்டு."

மூன்றாவது தடவை கேட்பதற்கு முன் பிளேடைத் தூக்கி, மறுபடி கோட்டின் மேல் வைத்தான். அண்ணி சுவரோரத்திலிருந்து, "தம்பி, வேணாம்" என்றாள். என் பெயருக்குப் பதிலாக அவள் 'தம்பி' என்று சொன்ன ஆயிரம் தடவைகளில் அந்த ஒரு தடவைதான் அவள் என்னிடம் கெஞ்சினாள்.

"வெட்டவா?"

"எத்தன தடவ சொல்றது? வெட்டுண்ணே!"

பொறி பறந்தது. அவன் கை துளிகூட ஆடவில்லை. இடது குழாய் முடிந்ததும் முக்காலியை நகர்த்திக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். வலது குழாயையும் வெட்டினான். துண்டு என் கையில் வந்து விழுந்தது, சூடு. கிரைண்டரை அணைத்தான். ஜெயித்துவிட்டேன் என்று துண்டைத் திருப்பிப் பார்த்தேன்.

இரண்டு காதும் அந்தத் துண்டில் இருந்தன.

முதலில் எனக்கு விளங்கவில்லை. சுவரோரம் சாய்ந்திருந்த ஷாக் அப்சார்பரைப் பார்த்தேன். வண்டியைப் பார்த்தேன், மறுபடி துண்டைப் பார்த்தேன். அண்ணன் கிரைண்டரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சே வெட்டினியா?"

"மூணு தடவ கேட்டேன்."

"பட்டறைச் சட்டத்தத் தூக்கிக் குப்பையில போடு! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ சொன்னியா?" என்றான்.

ஆறு வருஷத்துச் சரக்கில் தேடினேன், இதற்குப் பொருத்தமாக ஒன்றுகூட அகப்படவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாகக்கூட இல்லை, வண்டி போய்விட்டதே என்றுதான் முதலில் அடித்துக்கொண்டது. அதை இப்போது எழுதும்போதுதான் வெட்கமாக இருக்கிறது.

"ஒட்டலாமாண்ணே?"

"ஒட்டலாம். உள்ள ஒரு குழாய் சொருகி ஒட்டணும். நல்ல கையா இருந்தா தாங்கும்."

"நீ ஒட்டினா..."

"நான் ஒட்டமாட்டேன்."

அதைச் சொல்லும்போதும் அவன் குரல் ஏறவில்லை. அண்ணிதான் அழத் தொடங்கினாள். திங்கட்கிழமை எட்டு மணி என்றாள். பன்னிரண்டு பேருந்து என்றாள். நாளைக்கு ஒரு நாளாவது வாடகை வண்டி பிடிக்கலாம் என்றாள். அண்ணன் கேட்கவில்லை. "நாளைக்கு வாடகை வண்டியில போனா, நாளான்னைக்கு? நடந்து பாக்குறேன். நடக்க முடிஞ்சா வேலை இருக்கு. முடியலன்னா இல்ல. அத நாளைக்கே தெரிஞ்சுக்கிறேன்." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான். நான் எழுந்து கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் பிடித்திருக்க மாட்டான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வண்டியை நடையிலிருந்து நகர்த்தவும் முடியவில்லை. பின்பக்கம் இல்லாமல் செங்கல் மேல் குந்தியிருந்தது. வாசலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. சாயங்காலம் அண்ணி பெருக்க வந்தாள். தரையில் கிடந்த இரும்புத் தூளைக் கூட்டி அள்ளினாள். வெட்டிய துண்டைத் தொடவில்லை, அதைச் சுற்றி மட்டும் பெருக்கிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை நான் எழுந்தபோது அவன் போயிருந்தான். ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டானாம். பட்டறைக்கு ஏழு கிலோமீட்டர். கழுத்தில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் என் குடையை ஊன்றிக்கொண்டு போனானாம். அண்ணி இதை என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் வாசலில் நின்று சொன்னாள், நான் சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது காதில் விழுந்தது.

எனக்கும் வண்டி இல்லை. ஏழரைக்கு முக்குச் சாலைக்கு நடந்துபோய்ப் பேருந்தில் தொற்றினேன். மூச்சுவிட இடமில்லாத கூட்டம். ஜன்னல் ஓரமாக நெருக்கித் தள்ளினார்கள். ஏழு ஐம்பதுக்கு எங்கள் வழக்கமான பெட்ரோல் பங்கைத் தாண்டினோம், அவன் தெரியவில்லை. பாலத்துக்கு முன்னால் போக்குவரத்து அப்படியே நின்றுவிட்டது. என் பக்கத்தில் நின்ற ஆள் வாட்சைப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். எட்டு பத்து. பாலத்திலிருந்து பட்டறைக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கிறது.

என்னதான் நிற்கிறது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குக் கீழே, சாலையோரக் கல்லில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அந்தக் கால் மடங்காது என்பதால் சாலைக்குள் நீண்டிருந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி, ஹாரன் அடித்து, அதைச் சுற்றிப் போயின. பைக்கில் வந்த ஒருவன் நின்று ஏதோ திட்டினான். அண்ணன் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக் காலை ஓரமாக இழுக்கப் பார்த்தான். அது வரவில்லை. குடை கொஞ்ச தூரத்தில் கிடந்தது. சட்டை முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது.

"யாருப்பா இந்த ஆளு, நடுரோட்டுல கால நீட்டிட்டு? காலங்காத்தாலயே ஊத்திட்டான் போல" என்றான் பக்கத்தில் நின்றவன். சொல்லிவிட்டு, ஒத்துப்பேச ஆள் வேண்டும் என்பது போல என் முகத்தைப் பார்த்தான்.

என் அண்ணன் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்தவன் இல்லை. அது என் அண்ணன் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். இறங்க இரண்டு நொடி போதும், பேருந்து நின்றுகொண்டுதான் இருந்தது.

"ஆமா, குடிச்சிருக்கான்" என்றேன்.

அண்ணன் நிமிர்ந்து பேருந்தைப் பார்த்தான். ஜன்னலில் என்னைக் கண்டானா, கூட்டத்தில் ஒரு முகமாகத்தான் கண்டானா என்று எனக்குத் தெரியாது. அதை இன்றுவரை அவனிடம் கேட்கவும் துணிச்சல் வரவில்லை. நெரிசல் விட்டு, பேருந்து அவன் காலைச் சுற்றி மெதுவாக நகர்ந்தது. பாலம் தாண்டிய நிறுத்தத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். எனக்கு முன்னால் ஒரு இடம் காலியானது, உட்கார்ந்துகொண்டேன்.